பழைய வண்டி சீட்டும் நம்ம தையல் மிஷினும்

(ஆர்.கே.பேட்டையில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர்கள் கூட்டத்தில், ஒரு பழைய பிக்கப் வண்டியின் சீட்டை நடுவில் வைத்துக்கொண்டு, கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



கூட்டத்துக்குள் நுழைந்தவுடனே பல பேர் கேட்டீங்க, “என்னம்மா, மீட்டிங் ஹாலுக்கு நடுவுல வண்டி சீட்டைக் கொண்டாந்து போட்டிருக்கீங்க?” என்று. இன்றைக்கு நாம் பேசப் போவதே இந்த சீட்டைப் பற்றித்தான். இது காய்கறி ஏற்றும் ஒரு பழைய பிக்கப் வண்டியின் முன்சீட். டிரைவரும் பக்கத்தில் இரண்டு பேரும் சேர்ந்து உட்காருகிற ஒரே நீள சீட். ரெக்சின் கிழிந்து, ஸ்பாஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்து, ஸ்பிரிங் வெளியே தெரிகிறது. வண்டிக்காரர் இதை சரிபண்ணித் தரச் சொல்லி நம் குழுப் பெண்களிடம் கொடுத்திருக்கிறார்.

இப்போது இதை ஏன் பேச வேண்டும்? நம் பகுதியில் நெசவு குறையக் குறைய, குழுக்களில் தையல் பயிற்சி எடுத்தவர்கள் பெருகிவிட்டார்கள். ஆனால் ஒரே தெருவில் நாலு பேர் ஜாக்கெட் தைத்தால் நாலு பேருக்கும் கூலி கிடைக்குமா? தீபாவளி, பொங்கல், கல்யாண மாசம் தவிர மற்ற நாளில் மிஷின் மேல் துணி போர்த்தித்தான் வைத்திருக்கிறோம். மிஷினுக்கு வாங்கிய கடன் தவணை மட்டும் மாதா மாதம் வந்து நிற்கிறது. அதனால்தான் மூன்று குழுக்கள் “வண்டி சீட் தைக்கிற பெரிய மிஷின் வாங்கக் கடன் வேணும்” என்று கூட்டமைப்புக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். அந்த மனுவுக்கு ஆமாம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா என்பதை முடிவு செய்வதற்கு முன்னால், இந்த வேலை என்ன, இதில் எவ்வளவு நிற்கும் என்று எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது ஆம்பளை வேலையா?

குஷன் கடையில் நாம் பார்ப்பது எல்லாம் ஆண்கள்தான். ஆனால் வேலையைப் பிரித்துப் பாருங்கள். அளவு எடுப்பது, வெட்டுவது, தைப்பது, பைப்பிங் வைப்பது, இழுத்துப் பொருத்துவது. இதில் நமக்குத் தெரியாதது எது? ஜாக்கெட்டுக்கு பைப்பிங் வைக்கத் தெரிந்த கை, சீட்டுக்கும் வைக்கும். சீட்டில் வளைவு குறைவு, நேர் தையல்தான் அதிகம்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. வண்டியை நம் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், நாமும் ஒர்க்‌ஷாப்பில் போய் உட்கார வேண்டாம். நாலைந்து போல்ட்டைக் கழற்றினால் சீட் தனியாக வந்துவிடும். வீட்டிலேயே வைத்து வேலை செய்யலாம். கைக்குழந்தை வைத்திருக்கிற உறுப்பினருக்கும் இது முடியும்.

வேலை எப்போது வரும் என்பதையும் கவனிக்க வேண்டும். வாடகைக்கு, சுமைக்கு ஓடுகிற வண்டிகள் எஃப்.சி. காட்ட வேண்டும். எட்டு வருடம் வரையிலான வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, எட்டு வருடத்தைத் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம். எஃப்.சி.க்கு முன்னால்தான் பெயின்ட், டிங்கரிங், சீட் எல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். அப்புறம் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்கு ஜனம் ஏறுகிற சமயம், ஆயுத பூஜை சமயம். பழைய வண்டி எவ்வளவு அதிகமோ, நமக்கு வேலையும் அவ்வளவு அதிகம்.

இந்த சீட்டுக்குள் என்ன இருக்கிறது?

கிழிந்த இடத்தில் கை விட்டுப் பாருங்கள், அடுக்கு அடுக்காக இருக்கும். அடியில் இரும்புச் சட்டம். அதன்மேல் பாம்பு மாதிரி நெளிந்த ஸ்பிரிங் கம்பிகள். அதன்மேல் சாக்கு. அதற்கும் மேல் தென்னை நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திச் செய்த நார் மெத்தை. அப்புறம் ஸ்பாஞ்சு. கடைசியில் மேல் உறை.

இந்த அடுக்கு முறை இன்று நேற்று வந்தது இல்லை. அமெரிக்காவில் 1950களில் ஓடிய ஃபோர்டு, செவர்லே பிக்கப் வண்டிகளிலும் இதே மாதிரி ஒரே நீள சீட்தான். அங்கே அந்தப் பழைய வண்டிகளை ஆசையாக வைத்திருப்பவர்கள், ஸ்பிரிங், சாக்கு, பஞ்சு, உறை என்று இதே வரிசையில்தான் இன்றைக்கும் புதுப்பிக்கிறார்கள். நம் நாட்டில் மகேந்திரா கம்பெனி 1947இல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்க ஆரம்பித்தது. அந்த ஜீப்புகளைப் பழுது பார்த்துப் பழுது பார்த்துத்தான் நம் ஊர்களில் பல மெக்கானிக்குகளும் குஷன்காரர்களும் தொழில் கற்றார்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனால் வண்டி சீட் உறைக்கென்றே வரிசையாகக் கடைகள் உண்டு. மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் என்ற அமைப்பு பழைய கார்களுக்குக் கண்காட்சியே நடத்துகிறது. பழைய வண்டியைப் பழைய மாதிரியே வைத்திருக்க, வேலை தெரிந்த கை வேண்டும். ஆனால் நமக்கு முதலில் வரப்போவது கண்காட்சி வண்டி இல்லை, காய்கறி வண்டிதான்.

ரெக்சின் என்கிறோமே, அது இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் இருந்த ஒரு கம்பெனியின் பெயர். தோலுக்குப் பதிலாக, துணிமேல் மருந்துப் பூச்சு பூசி விற்றார்கள். இப்போது நாம் வாங்குவது பி.வி.சி. பூசிய துணி. திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் துணி தெரியும். தறி ஓடிய ஊர்க்காரர்கள் நாம், துணியைப் பார்த்தால் தெரியாதா? பின்துணி நெருக்கமாக, இழுத்தால் பிசிறாமல் இருந்தால்தான் ரெக்சின் உழைக்கும். மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், பின்துணி கொசுவலை மாதிரி இருந்தால் வாங்காதீங்க.

வேலையின் வரிசை

ஒன்று. கழற்றுவதற்கு முன்னால் செல்போனில் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். எந்த கிளிப் எங்கே இருந்தது என்று அப்புறம் அதுதான் சொல்லும்.

இரண்டு. பழைய உறையைக் கிழித்துப் போடக் கூடாது. உள்ளே பிடித்திருக்கிற கம்பி வளையங்களைக் கட்டிங் பிளேயரால் வெட்டி, உறையை முழுசாக எடுக்க வேண்டும். பிறகு பிளேடால் தையலை மட்டும் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் “மேல்”, “முன்”, “இடது”, “வலது” என்று எழுதுங்கள். இரண்டு துண்டு சேருகிற இடத்தில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். இந்தப் பழைய துண்டுகள்தான் நம் அளவு காகிதம். ஆனால் பழைய உறை இழுபட்டுத் தொங்கியிருக்கும். அதனால் சட்டத்தையும் டேப் வைத்து அளந்து, இரண்டையும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

மூன்று. சட்டத்தைத் தட்டிப் பாருங்கள். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயின்ட் அடியுங்கள். விரிசல் இருந்தால் வெல்டிங் கடைக்குக் கொடுங்கள். ஒடிந்த ஸ்பிரிங்கை மாற்றித்தான் ஆக வேண்டும். ஒடிந்ததை அப்படியே விட்டு மேலே ஸ்பாஞ்சு போட்டால், ஆறே மாதத்தில் கம்பி ஸ்பாஞ்சை அறுத்துக்கொண்டு மேலே வரும். பேர் கெடுவது நமக்குத்தான்.

நான்கு. ஸ்பிரிங் மேல் புது சாக்கை இழுத்துக் கட்டுங்கள். ஸ்பிரிங்குக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவில் இந்தச் சாக்கு இல்லை என்றால் எந்த ஸ்பாஞ்சும் நிற்காது. அதன்மேல் நார் மெத்தை, அதன்மேல் ஸ்பாஞ்சு.

ஐந்து. ஸ்பாஞ்சு வாங்கும்போதுதான் அதிகம் ஏமாறுகிறோம். கடையில் “40 டென்சிட்டி” என்பார்கள். டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஸ்பாஞ்சு எத்தனை கிலோ என்பது. இதை நாமே எடை போட்டுக் கண்டுபிடிக்கலாம். 6 அடி நீளம், 3 அடி அகலம், 2 அங்குல கனம் உள்ள ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது 40 டென்சிட்டி என்றால் சுமார் 3 கிலோ 400 கிராம் இருக்க வேண்டும். 32 டென்சிட்டி என்றால் சுமார் 2 கிலோ 700 கிராம். 2 கிலோகூட இல்லை என்றால் அது 23 டென்சிட்டிதான், தலையணைக்கு ஆகும், தினமும் டிரைவர் உட்காருகிற சீட்டுக்கு ஆகாது. கையால் அமுக்கிப் பார்த்து “கெட்டியா இருக்கு” என்று வாங்காதீங்க, தராசில் போடச் சொல்லுங்க. எடையைக் கேட்கிற பெண்ணிடம் கடைக்காரர் அடுத்த முறை சரியான சரக்கையே எடுத்துப் போடுவார்.

ஸ்பாஞ்சை சட்டத்தின் அளவைவிட எல்லாப் பக்கமும் அரை அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். அப்போதுதான் உறை விறைப்பாக நிற்கும்.

ஆறு. ரெக்சின் வெட்டுவது. இந்த சீட்டின் உட்காரும் பகுதி, சாயும் பகுதி இரண்டும் தையல் விடுதலையும் சேர்த்து 55 அங்குல நீளம், 21 அங்குல அகலம். ரெக்சின் 54 அங்குல அகலத்தில் வருகிறது. குறுக்கே வெட்டினால் ஒரு அங்குலம் போதாமல் ஒட்டுப் போட வேண்டிவரும். நீளவாட்டில் வையுங்கள். ஒன்றரை மீட்டர் என்பது 59 அங்குலம். அதற்குள் இரண்டு துண்டும் பக்கத்தில் பக்கத்தில் அடங்கி, 12 அங்குலப் பட்டை ஒன்று மிஞ்சும். அது முன்பட்டைகளுக்கு ஆகும். இன்னொரு ஒன்றரை மீட்டரில் சாய்வின் பின்பக்கம், ஓரங்கள், பைப்பிங் எல்லாம் முடிந்துவிடும். ஆக 3 மீட்டர். அளக்காமல் போனால் 4 மீட்டர் வாங்கச் சொல்வார்கள்.

ஏழு. தைப்பது. ரெக்சினில் ஊசி குத்தினால் அந்த ஓட்டை மூடாது. ஜாக்கெட் மாதிரி பிரித்துத் தைக்க முடியாது. அதனால் தைக்கும் முன்னால் கிளிப் போட்டு ஒருமுறை பொருத்திப் பாருங்கள். குண்டூசி குத்துவதாக இருந்தால் தையல் விடுதலுக்குள் மட்டும் குத்துங்கள். ஊசி 18ஆம் நம்பருக்குக் குறையக் கூடாது. நூல் பாலியஸ்டர் அல்லது நைலான். பருத்தி நூல் வெயிலிலும் வியர்வையிலும் இற்றுப்போகும். தையல் பொடியாக விழக் கூடாது. ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் நாலு மில்லிமீட்டர் அளவு இடம் விடுங்கள். நெருக்கித் தைத்தால் தபால் தலை ஓரம் மாதிரி ஓட்டை விழுந்து, அந்த வரிசையிலேயே கிழிந்துவிடும். மிஷின் பாதத்தில் ரெக்சின் ஒட்டினால் கொஞ்சம் பவுடர் தடவுங்கள், வழுக்கிக்கொண்டு போகும்.

எட்டு. உறை மாட்டுவது. தைத்த உறையை அரை மணி நேரம் வெயிலில் போடுங்கள், ரெக்சின் இளகும். ஸ்பாஞ்சு மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினால் உறை சுலபமாக வழுக்கி இறங்கும். நடுவில் முதலில் பிடித்து, அப்புறம் இடது ஒன்று, வலது ஒன்று என்று மாற்றி மாற்றி இழுத்து கிளிப் போடுங்கள். ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் கோணிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பாஞ்சு ஒட்டுகிற ரப்பர் சொல்யூஷன் சீக்கிரம் தீப்பிடிக்கும். அதன் ஆவியை மூச்சில் இழுத்தால் தலை சுற்றும், உடம்புக்கும் கெடுதல். அடுப்பங்கரையில் வைத்து ஒட்டவே கூடாது. வாசலில், காற்றோட்டத்தில், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் தள்ளி வைத்துவிட்டுத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும். எந்தக் கூலியும் நம் உடம்பைவிடப் பெரிசில்லை.

நம்ம மிஷின் போதுமா?

நம்மிடம் இருக்கிற கறுப்பு மிஷினில் மெல்லிய ரெக்சின் இரண்டு மடிப்பு வரை ஓடும். பைக் சீட் உறை, டிராக்டர் சீட் உறை வரை செய்யலாம். பைப்பிங்கோடு நாலு மடிப்பு சேருகிற இடத்தில் ஊசி ஒடியும், தையல் விட்டுப்போகும். இந்த மாதிரி நீள சீட்டுக்குக் கனமான மிஷின் வேண்டும். மேல்பாதமும் அடியில் உள்ள பல்லும் சேர்ந்து நடக்கிற மிஷின் என்றால் இன்னும் நல்லது. அதற்குத்தான் மூன்று குழுக்களும் கடன் கேட்கின்றன. சரி, கணக்கைப் பார்த்துவிடலாம்.

கூலி கணக்கு

கீழே சொல்கிற தொகை எல்லாம் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. நீங்கள் கடையில் விசாரித்த விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெக்சின் 3 மீட்டர், மீட்டர் 300 ரூபாய் வீதம் 900.
ஸ்பாஞ்சும் நார் மெத்தையும் 1,500.
சாக்கு, நூல், கிளிப், பைப்பிங் கயிறு, சொல்யூஷன் 400.
வெல்டிங், பெயின்ட் 400.
கரண்ட், போக்குவரத்து 200.
பொருள் செலவு மொத்தம் 3,400.

இரண்டு பேர் இரண்டு நாள் வேலை. அதாவது நாலு ஆள் கூலி. ஆளுக்கு நாளொன்றுக்கு 500 என்றால் 2,000. மிஷினுக்காக எடுத்து வைப்பது 300. ஆக 5,700 ரூபாய் கேட்க வேண்டும்.

வண்டிக்காரர் என்ன சொல்வார்? “லேடீஸ்தானே, வீட்டுலதானே செய்யறீங்க, 4,700க்கு முடிச்சுக் குடுங்கம்மா” என்பார். நாமும் வேலை கைவிட்டுப் போகுமோ என்று தலையாட்டிவிடுவோம். குறைந்த அந்த ஆயிரம் எங்கே போகும்? ரெக்சின் கடைக்காரர் குறைக்க மாட்டார். ஸ்பாஞ்சுக் கடைக்காரரும் குறைக்க மாட்டார். மிஷின் பணத்தையும் தொடக் கூடாது. மிச்சம் இருப்பது நம் கூலி மட்டும்தான். 500 ரூபாய் கூலி 250 ஆகிவிடும். பேரம் பேசினால் பொருளைப் பற்றிப் பேசுங்கள். “விலை குறைந்த ரெக்சின் போட்டால் இவ்வளவு குறையும், ஆனா சீக்கிரம் வெடிக்கும். எது வேணும்ணே?” என்று கேளுங்கள். கூலியைக் குறைக்காதீர்கள்.

பொருள் செலவு முழுவதையும் முன்பணமாக வாங்கிக்கொண்டுதான் உறையைப் பிரிக்க வேண்டும். என்ன ரெக்சின், எத்தனை டென்சிட்டி ஸ்பாஞ்சு, எந்தத் தேதிக்குள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடுங்கள். சீட் இல்லாமல் வண்டி ஓடாது. சொன்ன தேதியில் கொடுக்கவில்லை என்றால் அவருடைய பிழைப்பும் நிற்கும். இதை நாம் மறக்கக் கூடாது.

கடன் எடுக்கலாமா?

மிஷினுக்கு 36,000 ரூபாய் கடன், 24 மாதம், வருடத்துக்கு 12 சதவீதம் குறையும் வட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் அசல் 1,500, வட்டி 360, மொத்தம் 1,860 கட்ட வேண்டும். ஒரு சீட்டுக்கு மிஷினுக்காக எடுத்து வைப்பது 300. அப்படி என்றால் மாதம் 7 சீட் வந்தால்தான் நம் கூலியைத் தொடாமல் தவணை கட்ட முடியும். மூன்று குழு மூன்று மிஷின் வாங்கினால் மாதம் 21 சீட் வேண்டும்.

நம் ஊரில் மாதம் 21 சீட் வருமா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் கடன் எடுத்தால், ஜாக்கெட் மிஷின் கதைதான் திரும்பவும் நடக்கும். தவணை தவறினால் ஒருவருக்கு மட்டும் கஷ்டம் இல்லை. அவருக்காகக் கையெழுத்துப் போட்ட குழுவின் அடுத்த வங்கிக் கடனும் நிற்கும். படிப்புக்கும் மருத்துவத்துக்கும் காத்திருக்கிற வேறு உறுப்பினர்கள் பாதிக்கப்படுவார்கள்.

அதனால் கடனே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வரிசையாகப் போகலாம் என்கிறோம். முதல் இரண்டு மாதம், இருக்கிற மிஷினில் பைக், டிராக்டர் சீட் உறைகள் தைத்துக் கை பழகட்டும். அதே இரண்டு மாதத்தில், குழுவுக்கு இரண்டு பேர் ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, சோளிங்கர் பக்கம் போய், ஆட்டோ, சுமை வண்டி, டிராக்டர், ஸ்கூல் வேன் எத்தனை ஓடுகிறது, சீட் வேலைக்கு எங்கே போகிறார்கள், என்ன கொடுக்கிறார்கள் என்று நோட்டில் எழுதி வரட்டும். மெக்கானிக் கடைகளிலும் சொல்லி வையுங்கள். நகரி பக்கத்து வண்டிகளையும் விடாதீர்கள், நம்மில் பாதிப் பேருக்குத் தெலுங்கு பேசத் தெரியும், அதுவும் ஒரு முதலீடுதான். மாதம் 7 சீட் நிச்சயம் என்று நோட்டு சொன்னால், மூன்று குழுவுக்கும் பொதுவாக ஒரே ஒரு மிஷின். மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கி, ரெக்சின் நாலு மடிப்பைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே தைத்துப் பார்த்துதான் வாங்க வேண்டும். மிஷினில் வேலை செய்த ஒவ்வொரு சீட்டுக்கும் 300 ரூபாய் தனிக் கணக்கில் போக வேண்டும். வேலை பெருகினால் இரண்டாவது மிஷின் தானாக வரும்.

தொழில் பயிற்சி வேண்டுமென்றால் மாவட்டத்தில் உள்ள ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் இலவசப் பயிற்சிகள் உண்டு. சீட் வேலைக்கு என்று தனி வகுப்பு வேண்டும் என நாம் ஒரு பேட்ச் ஆளாகச் சேர்ந்து மனு கொடுக்கலாம். ஒருத்தி கேட்பதைவிட முப்பது பேர் கேட்பதற்கு மதிப்பு அதிகம். அதற்குத்தானே குழு?

சகோதரிகளே, சாப்பாட்டுக்குப் பிறகு இந்த சீட்டைச் சுற்றி உட்காருவோம். பிளேடு, சாக்பீஸ், டேப் எல்லாம் இருக்கிறது. தையல் தெரிந்தவர்கள் உறையைப் பிரியுங்கள், கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் செலவை எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் வண்டிக் கணக்கு நோட்டோடு வர வேண்டும். மனுக்களின் மேல் முடிவு அன்றைக்கு, அந்த நோட்டைப் பார்த்து, நீங்களே எடுப்பீர்கள்.